ரெண்டு தட்டினால் சும்மா இருக்கணும்

எங்கள் வீட்டில் கத்துகிற வேலை எப்போதும் என்னுடையதுதான். என் புருஷன் வாயைத் திறக்க மாட்டார். ராயபுரத்தில் நான் மீன் கூடையோடு வந்தால் தெருவே ஒதுங்கும். அவர் வந்தது யாருக்கும் தெரியாது.

துறைமுகத்திலும் அவருக்குப் பேசாத வேலைதான். கப்பலின் மேல்தட்டில் நின்று கையைக் காட்டுவார். சுமை தூக்கி இறக்கும் வின்ச்சை ஓட்டுகிறவனுக்குக் கப்பலின் வயிற்றுக்குள் நடப்பது தெரியாது. இவர் கையைப் பார்த்துத்தான் மூட்டைகளை இறக்குவான். உள்ளங்கையை விரித்தால் நிறுத்துவான். கீழே நிற்கிற ஆட்களின் உயிர் அந்த உள்ளங்கையில் இருந்தது.

ஐம்பதுகளின் ஆரம்பத்தில் ஒரு நாள், வின்ச்சின் கொக்கி ஆடி வந்து அவர் நெற்றியில் அடித்தது. பிழைத்துக்கொண்டார். இரண்டு மாதத்தில் நடந்தார், குடம் தூக்கினார், பழைய சங்கதியெல்லாம் சரியாகச் சொன்னார். ஆனால் வாய் திறந்துகொண்டது. என் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வாங்க வந்தவளிடம், "நேத்து மீனு, வாங்காதே" என்றார். டீக்கடையில் அடுத்தவன் வடையை எடுத்துத் தின்றார்.

பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரே சிரிப்பு. "உன் வூட்டுக்காருக்கு ஒண்ணும் இல்லடி. உன்னை மாரி ஆயிட்டாரு, அவ்ளோதான். அவருக்காவது மண்டைல அடி பட்டுச்சு, உனக்கு இன்னா ஆச்சு?"

அவளோடு நான்கு நாள் பேசவில்லை.

உடம்பு சரியாகிவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் பழைய வேலை கிடைக்கும் என்று துறைமுகத்தில் சொல்லியிருந்தார்கள். எழுத வைக்காமல் விடுவேனா என்று சண்டைக்குத் தயாராகத்தான் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

டாக்டர் அவர் கையை முறுக்கிப் பார்த்தார், பேசவிட்டுப் பார்த்தார். பிறகு தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். "இதுக்குப் பின்னால, வலது பக்கம் ஒண்ணு, இடது பக்கம் ஒண்ணுன்னு மூளையோட முன்பகுதி இருக்கும்மா. அதுல பின்னோரமா இருக்கிற பட்டைதான் கை காலை அசைக்குது. இடது பக்கத்துல கீழே பேச்சைக் கிளப்புற இடம். அது ரெண்டும் நல்லா இருக்கு. ரொம்ப முன்னால இருக்கிறதுதான் அடுத்து என்ன செய்யணும்னு யோசிக்கும், வேணாம்னா தடுக்கும். அடி அங்கதான்."

"அப்ப எனக்கும் அங்கதான் அடியா?"

"உங்களுக்கு அது முழுசா இருக்கும்மா. நீங்க எடுத்துப் புழங்கறதில்லை."

என் புருஷன் விழுந்து விழுந்து சிரித்தார்.

டாக்டர் பென்சிலை எடுத்தார். "நான் ஒரு தட்டு தட்டினா நீங்களும் ஒரு தட்டு. நான் ரெண்டு தட்டினா சும்மா இருக்கணும்." ஒரு தட்டுக்கு இவரும் தட்டினார். ரெண்டு தட்டுக்கும் தட்டினார்.

"ரெண்டு தட்டினா என்ன செய்யணும்?"

"சும்மா இர்க்கணும்" என்று பளிச்சென்று சொன்னார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே விரல் மேசையில் தட்டியது. அது அவருக்கே தெரியவில்லை.

டாக்டர் துறைமுகத்தில் கொடுத்தனுப்பிய தாளைப் புரட்டினார். "இதுல கை, கண், பேச்சு, இதைத்தான் கேக்கறாங்க. மூணும் சரி. எழுதச் சொன்னா எழுதலாம்."

அதற்காகத்தான் போயிருந்தேன். வசவெல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக நின்றது. நான் அந்த விரலைப் பார்த்தேன். இன்னும் தட்டிக்கொண்டிருந்தது.

"எழுதாதீங்க" என்றேன்.

வெளியே வந்ததும் என் முகத்தையே பார்த்தார். "இன்னாம்மே, இன்னிக்கி கத்தவே இல்ல? உடம்பு கிடம்பு சரியில்லியா?"

"வாயை மூடிக்கினு வாய்யா" என்றேன். மூடவில்லை. வீடு வரைக்கும் பேசிக்கொண்டே வந்தார்.

பிறகு மேஸ்திரியிடம் கத்தி, கிடங்கில் கிழிந்த கோணி தைக்கிற வேலை வாங்கிக் கொடுத்தேன். போதும் என்று யாராவது சொல்கிறவரை தைத்துக்கொண்டே இருப்பார். கோணியில் நாலு தையல் கூடினால் யாரும் சாக மாட்டார்கள்.