தௌலத் பேகம் கழித்த கேள்விகள்

கோவில்பட்டி பருத்தி வியாபாரி அல்லாபிச்சை ராவுத்தரின் மூத்த மகள் தௌலத் பேகம், அறுபதுகளின் சனிக்கிழமைகளைக் கடைசிவரை மறக்கவில்லை. அவள் படித்தது ஐந்தாவது. புருஷன் செய்யது அலி வெளியூரில் டாக்டர் படிப்புப் பிள்ளைகளுக்கு வாத்தியார். நாலு பதில் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் பரீட்சை அப்போதுதான் வந்திருந்தது.

சனிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் தான் எழுதிய கேள்விகளை அவளிடம் தமிழில் சொல்லிக் கேட்பார். வைத்தியம் தெரியாத அவளே சரியாகச் சொல்லிவிட்டால் அது சொத்தைக் கேள்வி என்று தாளில் கோடு போட்டு அடித்துவிடுவார். அடிக்கும்போதெல்லாம் அவர் முகம் சுண்டிப்போகும். அது பொறுக்காமல் அவள் வேண்டுமென்றே தப்பாகச் சொல்ல ஆரம்பித்தாள். அவரும் சந்தோஷமாகச் சாப்பிட்டார்.

பரீட்சை முடிந்து வந்தவர் இடிந்துபோய் உட்கார்ந்தார்.

"புத்தகத்தையே தொடாத பயலுவளும் முழு மார்க் வாங்கிட்டானுவ. நீ மட்டும் எப்படித் தப்பாச் சொன்னே?"

"நீளமா இருக்குத பதில்தான் எப்பவும் சரியா இருக்கும். உங்க முகம் வாடுதேன்னு மாத்திச் சொன்னேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு வாசித்தார். முகம் தெரியாததால் அவளுக்கு இரக்கமும் வரவில்லை. அன்றைக்குப் பாதிக் கேள்விகள் அடிபட்டுப் போய்விட்டன.