டிகிரி குறைந்த பால்

அந்த ஐப்பசியில் மழை பிடித்ததும் விடவே இல்லை. எங்கள் ஊர் கீழ்பென்னாத்தூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஏரி முடிந்து காப்புக்காடு தொடங்கும் இடத்தில் இருக்கிறது. மற்ற மாதங்களில் வாசலில் நின்றாலே மலை தெரியும். அந்த மாதம் மலை இருந்த பக்கம் வெறும் வெளுப்புதான். பாதை சேறாகிவிட்டதால் மினி பஸ் ரோட்டோடு திரும்பிக்கொண்டது. வேங்கிக்காலில் ஒரு ஹார்டுவேர் கடையில் வேலை பார்க்கும் என் கணவர் பைக்கை ரோட்டோரம் தெரிந்தவர் வீட்டில் விட்டுவிட்டு, பேண்டைச் சுருட்டிக்கொண்டு நடந்து வருவார். கொடியில் போட்ட துணி காயாமலே நாறியது. அடுப்பு எரியாமல் புகைந்தது. எல்லோரும் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்ததால் அடுத்த வீட்டுச் சத்தம் ஒவ்வொன்றும் காதில் விழுந்தது.

எங்களிடம் இரண்டு கறவை மாடுகள் இருந்தன. கறப்பதும், கேனில் ஊற்றிப் பால் சொசைட்டிக்குக் கொண்டுபோவதும் நான்தான். அங்கே பால் எடுக்கிற பெண் எங்கள் தெருக்காரி, எனக்கு நாத்தனார் முறை. ஒரு நாள் காலையில் என் பாலில் பால்மானியை விட்டு அடர்த்தி பார்த்தவள் முகம் சுளித்தாள்.

"இன்னா அண்ணி இது? டிகிரி நிக்கல."

"நிக்கலன்னா?"

"தண்ணி சேந்திருக்கிற மாதிரி காட்டுது."

வரிசையில் பின்னால் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நான் தண்ணீர் ஊற்றவில்லை என்று சொன்னேன். "மழையில எதுனா உள்ள பூந்திருக்கும்" என்று யாரோ ஒரு பெண் எனக்காகப் பரிந்து பேசினாள். அவள் பேசிய விதம்தான் எனக்கு அதிகம் வலித்தது.

மறுநாள் பிளாஸ்டிக் கவர் போட்டு மூடிக் கொண்டுபோனேன். அப்போதும் டிகிரி நிற்கவில்லை. நான் ஊற்றாத தண்ணீரை வேறு யாரோ ஊற்றியிருக்க வேண்டும். வழி நெடுக அதையே யோசித்துக்கொண்டு வந்தபோது எனக்கு ஓரகத்தியின் நினைவு வந்தது.

ஓரகத்தி என் கணவரின் அண்ணன் மனைவி. அண்ணன் பெங்களூரில் கட்டட வேலை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே பின்வாசல். நடுவில் என் மாட்டுக்கொட்டகை. போன வருஷம் ஓரகத்தி தன் மாட்டை விற்றுவிட்டு ஆடு வாங்கினார். அதிலிருந்து தினமும் என்னிடம்தான் டீக்குப் பால் வாங்குவார். மழை தொடங்கிய கொஞ்ச நாளில், "இனிமே வேணாம், பால் டீ குடிச்சா வயிறு சேரல" என்று நிறுத்திவிட்டார். ஆனால் சாயங்காலமானால் அவர் வீட்டிலிருந்து பால் காயும் வாசனை வந்தது. பால் வாங்காத வீட்டில் பால் எப்படிக் காயும்? கறந்த கேனைக் கொட்டகையில் வைத்துவிட்டு நான் புடவை மாற்ற உள்ளே போகிற நேரம் ஒன்று இருக்கிறது. அந்த நேரத்தில் ஒரு சொம்பு எடுத்துவிட்டு, அளவு குறைந்தது தெரியாமல் இருக்கத் தண்ணீரை ஊற்றி வைத்தால்?

ஒரு நாள் காலையில் உள்ளே போகிறவள் போலப் போய், கதவிடுக்கில் நின்று பார்த்தேன். மழைக்குத் தலையில் உரச்சாக்கைக் கொங்காணியாக மடித்துப் போட்டுக்கொண்டு ஓரகத்தி கொட்டகைக்குள் வந்தார். கேன் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். தொட்டிப் பக்கம் போய்த் தண்ணீர்க் குடத்தைப் பார்த்தார். பிறகு மூடியைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். கையில் சொம்பு இல்லை. நான் பார்ப்பது தெரிந்துதான் எடுக்காமல் போகிறார் என்று எனக்குத் தோன்றியது.

அன்றிரவு சோறு போடும்போது கணவரிடம் சொன்னேன். அவர் தட்டைப் பார்த்தபடியே, "அண்ணிய உடு. நீ கேன் கழுவற தண்ணி எதுனா அதுலயே உட்டுடறியா?" என்றார். ரசம் கேட்டபோது சட்டியை அவர் முன்னால் வைத்துவிட்டு எழுந்துபோனேன்.

அதற்குப் பிறகு கேனைக் கையோடு வீட்டுக்குள் எடுத்துப்போனேன். ஓரகத்தியோடு பேச்சு நின்றது. அவரும் பேசவில்லை, கொடியில் ஒரு பழைய போர்வையைப் போட்டுப் பின்வாசலை நடுவில் மறைத்தார். டிகிரி மட்டும் ஏறவே இல்லை. கேன் என் கண்ணை விட்டு அகலாதபோதும் பால் அப்படியே இருக்கிறதென்றால், மானியில்தான் கோளாறு, அல்லது அதைப் பிடிக்கிற கையில்தான் கோளாறு என்று இப்போது என் சந்தேகம் அந்தப் பெண் பக்கம் திரும்பியது.

"நீயே வந்து பாரு, உன் கண்ணு எதிர்க்க கறக்கறேன்" என்றேன் அவளிடம். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

சாயங்காலம் தூறலில் குடை பிடித்துக்கொண்டு வந்தாள். அவள் கொண்டுவந்த பாத்திரத்திலேயே கறந்தேன். கொடியில் கிடந்த போர்வையை விலக்கிக்கொண்டு ஓரகத்தியும் வந்து நின்றார். நுரை அடங்கக் காத்திருந்து அவள் மானியை விட்டாள். அதே டிகிரி.

"தண்ணி இல்ல அண்ணி, பாலே இப்டிதான் வருது" என்றாள். "மாட்டுக்கு இன்னா போடறீங்க?"

"பில்லுதான். வைக்கோல் போரு நனைஞ்சி பூசணம் பூத்துப்போச்சு. மாடு மோந்துட்டுத் தள்ளிடுது."

"அதான். மழையில மொளைச்ச வெறும் பில்லு தின்னா பால் இப்டி எளைச்சிப்போவும். காய்ஞ்சது கலந்து போடுங்க."

அவள் போன பிறகும் ஓரகத்தி அங்கேயே நின்றார்.

"அப்ப நீ தண்ணி ஊத்தலியா?" என்று கேட்டார்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை.

"பால் தண்ணியா இருக்குதேன்னுதான் உங்கிட்ட நிறுத்திட்டு, கடையில பாக்கெட் வாங்கினேன். எங்க இருந்து ஊத்தறன்னு ஒரு நாளு வந்து பாத்தேன்."

"நான் நீங்க எடுக்கறீங்கன்னு நெனச்சேன்க்கா."

"எடுக்கறதா? நானா?"

அவர் முகம் சிவந்தது. விறுவிறுவென்று உள்ளே போனார். சண்டைதான் வரப்போகிறது என்று நினைத்தேன். வரவில்லை. ஆனால் இரண்டு நாளைக்கு என் பக்கம் திரும்பவும் இல்லை.

மூன்றாம் நாள் மழை கொஞ்சம் விட்டது. ஓரகத்தி ஒரு கட்டு வைக்கோலைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து கொட்டகையில் போட்டார். மாடு விற்றதில் மிஞ்சிய போர்; தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார். "ஆட்டுக்கு இது ஜாஸ்தி. எடுத்துப் போடு" என்றார். நான் கட்டை அவிழ்த்து ஒரு பிடி எடுத்தேன். என்னை அறியாமலேயே அதை மூக்கருகே கொண்டுபோயிருக்கிறேன்.

ஓரகத்தி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா மோந்து பாத்துக்கோடி" என்றார். "அப்புறம் மாட்டுக்கு எதுனா ஆச்சுன்னா, அதையும் எந்தலையில போடுவ."