ஒரே பெல்ட், இரண்டு ப்ரோலாப்ஸ்

முப்பது வருட பிசியோதெரபி வேலையில், என்னைத் தலையில் அடித்துக்கொள்ள வைத்தது ஓர் இடுப்பு பெல்ட்.

தணிகாசலம் பெரிய காஞ்சிபுரத்தில் பட்டு நெய்பவர். குழித்தறியில் குனிந்தே உட்கார்ந்ததில் முதுகெலும்பின் டிஸ்க் பிதுங்கிவிட்டது. ரிப்போர்ட்டில் ‘டிஸ்க் ப்ரோலாப்ஸ்’. பயிற்சி சொல்லிக்கொடுத்து, தறியில் இருக்கும்போது மட்டும் கட்டிக்கொள்ள ஒரு பெல்ட்டும் கொடுத்தேன். கிளம்பும்போது அவர் மனைவி புஷ்பா கதவோரம் நின்றார்.

“ப்ரோலாப்ஸ்னா இன்னாம்மா?”

“இருக்கற இடத்த விட்டு நகர்ந்துடறதுமா” என்றேன். அடுத்த நோயாளி காத்திருந்தார். ஏன் கேட்கிறார் என்று நான் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்துத் தணிகாசலம் புஷ்பாவையும் கூட்டிக்கொண்டு கோபமாக வந்தார்.

“டாக்டரம்மா, உங்க பெல்ட்டு சரியில்ல. எனக்குத் தேவல. இவளுக்கு ஜாஸ்தியாயிடுச்சு.”

“அவங்கள யாருங்க பெல்ட் போடச் சொன்னது?”

“இவளுக்கும் ப்ரோலாப்ஸ்தாம்மா. காலைல நான் தறில குந்துவேன், மத்தியானம் இவ குந்துவா. யாரு குந்தறாங்களோ அவங்களுக்கு பெல்ட்டு. ஷிப்ட் போட்டுக்கினு இருக்கறோம்.”

அவருக்கு அதில் பெருமை வேறு. புஷ்பாவின் முதுகைப் பார்த்தேன். ஒரு கோளாறும் இல்லை. தணிகாசலத்தை டீ குடிக்க அனுப்பினேன். புஷ்பா பையிலிருந்து நாலாக மடித்த ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்தார். ‘யூட்ரைன் ப்ரோலாப்ஸ்’. கர்ப்பப்பை இறக்கம்! வயிற்றை இறுக்கினால் அது இன்னும் இறங்கும். மூன்று வாரமாக என் பெல்ட் அந்த வேலையைத்தான் செய்திருக்கிறது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

“ஏம்மா சொல்லல?”

“முதுகுன்னா நாலு பேரு எதிர்ல சொல்லலாம். இத எப்டிம்மா சொல்றது?”

“எவ்ளோ நாளா இருக்குது?”

“சின்னவன் பொறந்ததுலேர்ந்து. அவனுக்கு இப்ப பொண்ணு பாத்துக்கினு இருக்கறோம்.”

அவர் சம்மதத்தோடு கணவரிடம் நானே சொன்னேன். தணிகாசலம், “இதுக்கு இன்னா பெல்ட்டுமா?” என்றார்.

“பெல்ட்டே கிடையாது. லேடி டாக்டர்கிட்ட காட்டணும்.”

மறுநாளே கூட்டிப்போனார். அந்த டாக்டர் கர்ப்பப்பையைத் தாங்கிப்பிடிக்க ஒரு ரிங் வைத்து, இடுப்புத் தசைக்குப் பயிற்சி பெற என்னிடமே அனுப்பினார். புஷ்பாவின் முகம் தெளிந்திருந்தது.

“இனிமே மத்தியானமும் நானே குந்திக்கறேம்மா, அவ இருக்கட்டும்” என்றார் தணிகாசலம். உங்கள் டிஸ்க் என்ன ஆவது என்று அவரைத் திட்டி அனுப்பினேன்.

அன்றிலிருந்து யாராவது ஒரு வியாதியின் பெயரைச் சொல்லி அர்த்தம் கேட்டால், முதலில் கதவைச் சாத்துவேன். பிறகு, “யாருக்குமா?” என்று கேட்பேன்.