டி-க்கு என்ன பெயர்?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் என் கணவரிடம் ஒரு கேள்வி கேட்டது. மூன்று தடவை கேட்டது. மூன்று தடவையும் அவர் தப்பாகப் பதில் சொன்னார்.

ஒரு தடவை சரியாகச் சொல்லியிருந்தால்?

இருங்கள், முதலிலிருந்து வருகிறேன். 'உங்கள் வீட்டில் கம்ப்யூட்டரா? அதுவும் தர்மபுரியிலா?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அது எங்களுடையது இல்லை, என் கொழுந்தன் ஜெயராஜுடையது. பெங்களூரில் அவன் வேலை பார்த்த சின்னக் கம்பெனியை மூடிவிட்டார்கள். போகிற போக்கில் ஒரு பழைய மிஷினை இவன் தலையில் கட்டினார்கள். பெட்டியை பஸ் மேலே போட்டுவிட்டு, டி.வி. மாதிரி இருக்கிற பாகத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். காரிமங்கலம் வருவதற்குள் கால் மரத்துவிட்டதாம்.

அன்றிலிருந்து எங்கள் ஹாலில் அது ஒரு ஆள். அதற்கு ஒரு மேஜை, ஒரு துணி உறை, ஒரு ஃபேன். எனக்கு ஃபேன் இல்லை.

ஜெயராஜ் அதில் ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கிறான். தக்காளி மண்டிக்கு உண்டானது. யார் காட்டுத் தக்காளி எத்தனை கூடை வந்தது, எந்த லாரியில் ஏறியது என்று எல்லாவற்றையும் அதுவே சொல்லிவிடுமாம். மாரண்டஹள்ளியிலிருந்து ஒரு மண்டிக்காரர் புதன்கிழமை வந்து பார்ப்பதாக இருந்தது. (எல்லோரும் 'மண்டிக்காரர்' என்றே சொல்வதால் அவர் பெயர் என்னவென்று அப்போது எனக்கும் தெரியாது.) அவருக்குப் பிடித்தால் ஜெயராஜ் இங்கேயே தொழில் பண்ணலாம். பிடிக்காவிட்டால் மறுபடி பெங்களூர், மறுபடி வேலை தேடல், மறுபடி மெஸ் சாப்பாடு.

இதற்கு முன் இரண்டு தடவை எழுதினான். முதலாவது பெங்களூரிலேயே கரண்ட் எகிறிப் போய்விட்டது. இரண்டாவதை ஃப்ளாப்பி என்கிற கறுப்புச் சதுரத்தில் பத்திரமாக வைத்திருந்தான்; மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துப் போய்விட்டது. அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை.

இது மூன்றாவது.

இந்த மிஷினுக்குள் ஹார்ட் டிஸ்க் என்று ஒன்று இருக்கிறது. எழுதுவதெல்லாம் அதில்தான் தங்குகிறது. அதை இரண்டாகத் தடுத்து வைத்திருக்கிறான் — எங்கள் ஹாலின் நடுவே பீரோவை நிறுத்தி இரண்டு அறையாக்கினோமே, அப்படி. பார்ட்டிஷன் என்று பெயர். ஒரு பக்கம் ஸி, இன்னொரு பக்கம் டி.

"ஏன்டா தடுக்கணும்?" என்று கேட்டேன்.

"மொத்தம் நாப்பது இருக்குது அண்ணி. ஒரே ரூமா இருந்தா அதுக்கு முப்பத்தி ரெண்டுக்கு மேல கண்ணு தெரியாது."

"நாப்பது என்னாது?"

சொன்னான். புரியவில்லை. மறுபடி கேட்டேன். மறுபடி சொன்னான். மூன்றாவது தடவை நான் கேட்கவில்லை, பாவம் பிள்ளை.

"சரி, ஏ, பி எங்கே?"

"ஏ-ங்கறது ஃப்ளாப்பி போடற வாய் அண்ணி. பி நம்ம மிஷின்ல இல்ல."

"இல்லாததுக்கு எதுக்குடா பேரு?"

அவன் கீ போர்டைத் துடைக்க ஆரம்பித்துவிட்டான். அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

இந்த ஸி-க்கும் டி-க்கும் நாம் இஷ்டப்பட்ட செல்லப் பெயரும் வைக்கலாம். இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிக்கவேண்டும், பதினோரு எழுத்துக்கு மேல் போகக்கூடாது. எங்கள் சொந்தக்காரர்களின் ஞானஸ்நானப் பெயர் பாதிக்குமேல் அதில் அடங்காது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் டி திரும்பியும் பார்க்காதாம். 'டி' என்றால்தான் வருமாம். அப்புறம் எதற்குப் பெயர்? கேட்டேன். "சும்மா அண்ணி, ஒரு அடையாளத்துக்கு" என்றான். மாற்றுவது எப்படி என்றும் விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தான். அதுதான் வினை.

ஸி-க்கு ஒரு பெயரும் இல்லாமல் இருந்தது. டி-க்கு அவன் வைத்திருந்த பெயர் — குப்பை!

ராப்பகலாக உட்கார்ந்து எழுதுகிறதை எல்லாம் போட்டு வைக்கிற இடத்துக்கு அந்தப் பெயர். "ஏன்டா இப்படி?" என்றால், "இருக்கட்டும் விடுங்க அண்ணி" என்று சிரிக்கிறான்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. சனிக்கிழமை அவன் புது ஃப்ளாப்பி வாங்கிவர ஓசூருக்கு பஸ் ஏறினான்; மறுநாள்தான் திரும்புவான். நான் கையைத் துடைத்துக்கொண்டு மிஷின் முன்னால் உட்கார்ந்தேன். அவன் சொல்லிக்கொடுத்தபடியே ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்து, டி-யின் பெயரைத் 'தங்கம்' என்று மாற்றினேன். வேறு எதையும் தொடவில்லை. எழுந்து போய் ரசம் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல இதில் என்ன இருக்கிறது?

இப்போது என் கணவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பேங்கில் வேலை. அங்கே அவர் அகஸ்டின். ஊரில் சொந்தக்காரர்களுக்கு மட்டும் குப்பன். யாராவது பஸ் ஸ்டாண்டில் "குப்பண்ணா!" என்று குரல் கொடுத்தால், காது கேட்காதவர் மாதிரி வேகமாக நடப்பார். கல்யாணமான புதிதில் தெரியாமல் நானும் ஒரு தடவை அப்படிச் சொல்லிவிட்டு, ஒரு வாரம் முகம் பார்த்துப் பேசாத மனுஷனோடு குடித்தனம் நடத்தினேன்.

ரொம்பச் சுத்தக்காரர். எதற்கும் ஒரு பெயர் எழுதி ஒட்டிவிடுவார். என் சமையலறை டப்பாக்களுக்கும் ஒட்டினார் — து.பருப்பு, க.பருப்பு, மிளகு என்று. நான் வழக்கம்போல மிளகு டப்பாவில் கடுகைப் போட்டேன். எழுதி ஒட்டியது அவருக்காக. எதில் எது என்று எனக்குத் தெரியாதா? அன்றிலிருந்து அவர் டீ போட வருவதை நிறுத்திவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஜெயராஜின் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்கும்போது, ஸ்க்ரீனில் 'குப்பை' என்ற பெயர் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. பட்டுவிட்டதல்லவா, இனி தூக்கம் வருமா?

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும், மிஷினோடு வந்த தடிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் கறிக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தேன்.

"பிலோ! இங்க வா கொஞ்சம்."

மசாலா கையோடு போனேன்.

"ஸி-க்கு வீடுன்னு பேரு வெச்சிட்டேன். டி-ய சுத்தம் பண்ணிட்டு காடுன்னு வெக்கலாம்னு பாத்தா, இது என்னையவே கேள்வி கேக்குது. இப்ப என்னா பேரு இருக்குதுன்னு சொல்லு, அப்பத்தான் வுடுவேங்குது."

"சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன்ல! குப்பைன்னு மூணு தடவ அடிச்சிட்டேன். தப்பு, தப்புங்குது. நான் கண்ணால பாத்தேன், குப்பைன்னுதான் இருந்துச்சு!"

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. கூடவே கொஞ்சம் வெட்கம். 'தங்கம்னு அடிங்க' என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். சொல்லியும் இருப்பேன்... நடுவில் ஒரு சந்தேகம் வந்தது, அவ்வளவுதான்.

"சுத்தம்னா என்னாங்க பண்ணும்?"

"உள்ள இருக்கற அத்தனயும் தொடச்சிட்டு, வெறும் இடமாக் குடுக்கும். ஃபார்மட்டுன்னு பேரு."

"உள்ள இருக்கறதுன்னா?"

"குப்பதான். வேண்டாததை எல்லாம் தள்ளி வெச்சிருக்கான்..."

"ஐயோ, அதுலதாங்க மண்டிக் கணக்கு இருக்குது!"

அவர் கீ போர்டிலிருந்து இரண்டு கையையும் தூக்கினார். தூக்கியவர் இறக்கவே இல்லை.

"குப்பைன்னு போட்டிருந்தானே பிலோ..." என்றார். பேங்க் மனுஷர் குரலே இல்லை அது.

அடுத்த குழப்பம் அப்போதுதான் ஆரம்பித்தது. 'தப்பு' என்று மிஷின் சொன்னதே — அழிக்காமல் தப்பு என்றதா? கொஞ்சம் அழித்துவிட்டுத் தப்பு என்றதா? புத்தகத்தைப் புரட்டினோம். இரண்டு பேருக்கும் இங்கிலீஷ் தெரியும். அந்த இங்கிலீஷ் தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. ஸ்க்ரீன் இருட்டானது. அழிந்தே போய்விட்டது என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. கறி வேகவில்லை. அவர் சட்டையைக்கூட மாற்றாமல் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் ஜெயராஜ் வந்தான், கையில் ஃப்ளாப்பி டப்பாவோடு. எங்கள் முகங்களைப் பார்த்தான்.

"யாருக்கு என்னா ஆச்சு?"

அவரே சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. ஜெயராஜ் சுவிட்சைப் போட்டான். நல்லவேளை, கரண்ட் வந்திருந்தது. மிஷின் முனகி, கண் விழித்து, எழுத்துகளைக் காட்டியது. அவன் ஏதோ தட்டினான். ஒன்றன் கீழ் ஒன்றாகப் பெயர்கள் ஓடின.

"இருக்குது. எல்லாம் இருக்குது" என்றான். மூச்சு விட்டான். உடனே முகம் மாறியது. "இது யாரு தங்கம்?"

"நான்தான்டா மாத்துனேன்."

"ஏன் அண்ணி மாத்துனீங்க?"

எனக்கு வந்தது பாருங்கள் கோபம்! "மாத்துனதாலதான்டா பொழைச்சுது! பழைய பேரே இருந்திருந்தா உங்க அண்ணன் சரியா சொல்லியிருப்பாரு, அது தொடச்சிருக்கும்."

"மறுபடி ஒரு தடவ அழிக்கட்டுமான்னு கேக்கும்..." என்று இழுத்தான்.

"ஆமான்னு அடிச்சிருப்பேன்டா" என்றார் என் கணவர் தரையைப் பார்த்து.

ஜெயராஜ் ஃப்ளாப்பி டப்பாவை மேஜைமேல் வைத்தான். அப்புறம் சொன்னான். "மாத்துனதாலதான் அண்ணி கண்டமே வந்துச்சு. நான் யோசிச்சுத்தான் அந்தப் பேரு வெச்சேன். மொத ரெண்டும் தங்கல. மூணாவதாவது நிக்கணும்ல? அண்ணனுக்கு முன்னாடி ரெண்டு புள்ளங்க தங்காமப் போச்சுன்னுதானே, அண்ணன் பொறந்தவொடனே குப்பைமேட்டுல போட்டு, தவுட்டுக்கு வாங்குன மாதிரி வாங்கி, குப்பன்னு பேரு வெச்சாங்க. அண்ணன் நின்னுதில்ல?"

"படிச்சவன்தானேடா நீ!"

"படிச்சுத்தான் ரெண்டு போச்சு அண்ணி."

இத்தனை வருஷமாகக் குப்பன் ஒருவரோடு குடித்தனம் பண்ணுகிறேன். அந்தப் பெயரைப் பார்த்ததும் உறைத்திருக்க வேண்டாமா? அவருக்கே உறைக்கவில்லையே! மண்ணில் கிடக்கிறதை எமன் திரும்பிப் பார்க்கமாட்டான் என்று நம்பி, பெற்றவள் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு வைத்த பெயர். அதை அவர் பேங்க் வாசலில் கழற்றிவிட்டுப் போனார். தம்பி அதை எடுத்து மிஷினுக்குள் வைத்திருக்கிறான்.

என் கணவர் எழுந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "நகருடா" என்றார். ஜெயராஜ் நாற்காலியைக் கொடுத்தான். ஒற்றை விரலால், தேடித் தேடி, அவரே அடித்தார். 'தங்கம்' போய் மறுபடி 'குப்பை' வந்தது.

"இப்ப எத்தன ஃப்ளாப்பி இருக்குதோ, அத்தனயிலயும் காப்பி எடு" என்றார். அதுதான் அன்றைக்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம்.

புதன்கிழமை மண்டிக்காரர் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பையில் கனமான பேனா. கம்ப்யூட்டரைக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். ஜெயராஜ் கையைத் துடைத்துத் துடைத்துத் தட்டினான். ஸ்க்ரீனில் முதலில் வந்தது அந்தப் பெயர்தான். மண்டிக்காரர் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"கு...ப்பை. என்னா தம்பி இது? எங்க கணக்கக் குப்பையிலயா போட்டு வெச்சிருக்கீங்க?"

ஜெயராஜின் முகம் வெளுத்துவிட்டது. நான் காபி டம்ளரோடு அப்படியே நின்றேன்.

"அது என் பேருங்க" என்றார் என் கணவர்.

பேங்க் சட்டையோடு, லீவு போட்டுவிட்டு, நிமிர்ந்து நின்று சொன்னார். "குப்பன். வூட்டுல அப்படித்தான் கூப்புடுவாங்க. எனக்கு முன்னாடி ரெண்டு தங்கலைங்க."

மண்டிக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு டம்ளரை என் கையிலிருந்து தானே வாங்கிக்கொண்டார்.

"எம்பேரு பிச்சைங்க. எனக்கு முன்னாடி மூணு" என்றார். "நீ காட்டு தம்பி, பாக்கலாம்."

ஆர்டர் கிடைத்துவிட்டது. குப்பையாலா, தங்கத்தாலா, பிச்சையாலா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்!