தண்ணீர்த் தொட்டிக்குப் பயந்த கிடாரி

போன ஞாயிறு ஊத்துக்குளிப் பக்கம் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். விருந்துக்கு இல்லை... ஒரு கிடாரிக் கன்றுக்காக.

அத்தையின் தோட்டத்துக்கு மேலே உயர் அழுத்த மின்கம்பி போகிறது. அதற்கான மின்கோபுரம் நட்ட பிறகு பிறந்த செவலைக் கிடாரி வளரவே இல்லை. விலா எலும்பு தெரிகிறது. மறுநாள் சந்தைக்கு ஓட்டிவிடுவதாக முடிவு. அதன் தாய் செத்துப்போயிற்று. அந்தத் தாய்வழியில் மிச்சம் இது ஒன்றுதான்.

"கம்பிக்கடியில ட்யூப்லைட்டைப் புடிச்சாலே எரியுதாமா கண்ணு. பச்ச உசுரு எப்படி வளரும்?"

நியாயமான கேள்வி. ட்யூப்லைட் மினுங்குவது நிஜம். கம்பியைச் சுற்றி மின்புலம் இருப்பதும் நிஜம். ஆனால் நான் படித்தவரை, கம்பிக்கடியில் மேயும் மாடுகளின் வளர்ச்சியில் தெளிவான பாதிப்பு எதுவும் தென்படவில்லை. சொன்னேன். அத்தை கேட்டுக்கொண்டார் — வாசலுக்கு வந்த இன்ஷூரன்ஸ்காரர் பேச்சைக் கேட்பதுபோல.

மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் மெயின்டெனன்ஸ் இன்ஜினியர் நான். மெஷின் நின்றால் வரிசையாகக் கேள்வி கேட்பது பழக்கம். கன்றுக்கும் கேட்டேன். பூச்சி மருந்து? கொடுத்தாயிற்று. தீனி? பாதியில் விட்டுவிடுகிறது. தண்ணீர்?

"அதைக் கேக்காத. தொட்டிகிட்ட இழுத்துட்டுப் போனா ரெண்டு வாய். அப்புறம் பின்னாலயே போகும். அத்தன ராங்கி."

"கறவை மாடெல்லாம் குடிக்குதுங்களா?"

"அதுகளுக்குக் கட்டுத்தறியிலயே தவுட்டுத் தண்ணி வெச்சிருவேன்."

மோட்டார் ஓடி, தொட்டியில் புதுத் தண்ணீர் விழும்போதுதான் கிடாரிக்குத் தண்ணி காட்டுவது அத்தையின் வழக்கம். மோட்டாரைப் போட்டார். கிடாரி மூக்கை நீட்டியது. வெடுக்கென்று பின்வாங்கியது.

தொட்டியை ஒட்டி மண்ணில் ஓர் இரும்புக் குழாய். மோட்டாரின் எர்த் வயர் அதில் சுற்றியிருந்தது.

"இங்க எதுக்குங்க அத்தை எர்த்து?"

"ஈரம் இருக்கற எடத்துலதான நல்லாப் புடிக்கும்? இந்தப் பக்கம் எல்லா ஊட்டுலயும் இப்படித்தான்."

பாதி சரி. ஆனால் மோட்டாரில் மின்கசிவு இருந்தால், அது இந்தக் குழாய் வழியாகத் தொட்டியடி ஈரத்தில்தானே இறங்கும்?

பையில் எப்போதும் கிடக்கும் மீட்டரை எடுத்து வைத்தேன். தண்ணீருக்கும் ஈரத் தரைக்கும் நடுவே சில வோல்ட். மாட்டின் ஈர மூக்குக்கு அதுவே சுருக்கென்று இருக்கும். ரப்பர் செருப்பில் நிற்கும் அத்தைக்குத் தெரியாது. கிடாரிக்கு ஏது செருப்பு? (யாரும் கழற்றிச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.)

மோட்டாரை நிறுத்தினேன். கிடாரி சற்று நேரம் சந்தேகமாக நின்றது. பிறகு குனிந்தது. வெகு நேரம் தலையைத் தூக்கவே இல்லை.

அத்தை அதன் முதுகில் கை வைத்தார். "ராங்கின்னு திட்டிப்போட்டனே சாமி..."

மறுநாள் எலெக்ட்ரீஷியன் வந்து கசிவைச் சரிசெய்து, எர்த்தைத் தொட்டியிலிருந்து தள்ளி நட்டார். கிடாரி சந்தைக்குப் போகவில்லை. இனி வளருமா? இப்போதே சொல்ல முடியாது. தாகம் தீர்ந்தது, அவ்வளவுதான் தெரியும்.

நேற்று அத்தை போனில் பேசினார். "நல்லாக் குடிக்குது. இருந்தாலும் அந்தக் கோபுரத்து மேல எனக்கு ஒரு கண்ணு இருக்குது."

இருக்கட்டும். இன்னொரு கண் தொட்டிப் பக்கம் இருந்தால் போதும்.