வீக்கம் வடிந்தால் பழைய மாதிரி

உடம்பில் வேறு எங்கே கத்தி வைத்தாலும் துணி போட்டு மறைத்துக்கொள்ளலாம். மூக்கில் வைத்துவிட்டால் எதிரே வருகிற எல்லோருக்கும் கதை சொல்லியாக வேண்டும். புத்தூரில் ஒரு மூக்கு டாக்டரிடம் நான் நர்ஸ். கட்டுப் போடும் அறை என் பொறுப்பு. கத்தி பிடிப்பதோடு டாக்டர் வேலை முடிந்துவிடும். கண் இரண்டும் கறுத்து, முகம் உப்பி, மூக்கின் மேல் மாவுக்கட்டோடு வருகிறவர்களிடம் பேச்சு வாங்குவது நான்தான்.

அவர்கள் கேட்பது ஒரே கேள்வி: "எப்ப சிஸ்டர் வடியும்?" என் பதிலும் ஒன்றுதான்: "வீக்கம் வடிஞ்சா எல்லாம் பழைய மாதிரி ஆயிடும், கொஞ்சம் பொறுங்க." பல்லைப் பிடுங்கிக்கொண்டு வீங்கிய கன்னத்தோடு கல்யாண வீட்டுக்குப் போனவராக நீங்கள் இருந்தால், இந்தப் பதில் எவ்வளவு எரிச்சலூட்டும் என்று உங்களுக்கே தெரியும்.

ஒரே மயக்கத்தில் இரண்டு வேலை

கலைச்செல்வி ஜீயபுரத்திலிருந்து வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். மூக்குத் தண்டு உள்ளே வளைந்து, வாயால் மூச்சு விட்டு விட்டுத் தொண்டை வறண்டு அவதிப்பட்டுக்கொண்டிருந்தாள். கூடவே அவள் அப்பா. வாழைத் தோட்டத்தில் பாடுபட்ட மனிதர், இப்போது மறதி நோய். மகன் பேர், மருமகள் முகம், தோட்டம் எந்தத் திசையில் என்பது வரைக்கும் போய்விட்டது. கண்ணும் மங்கல். மகளை மட்டும் தெரியும். இரண்டு விரலால் அவள் மூக்கைப் பிடித்து மேலிருந்து கீழே தடவுவார். நடுவில் இருக்கும் மேட்டில் விரல் பட்டதும் அவர் முகமே மாறிவிடும். "எங்க ஆத்தா மூக்கு. கலைதான்" என்பார். அப்புறம்தான் அவள் நீட்டுகிற டீயை வாங்கிக் குடிப்பார்.

உள்ளே தண்டை நேராக்கினால் மூச்சு சரியாகிவிடும் என்றார் டாக்டர். எப்படியும் மயக்க மருந்து கொடுக்கிறோம், விருப்பப்பட்டால் மேலே இருக்கிற மேட்டையும் சீவிவிடலாம் என்றும் சொன்னார். பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்து அவளைக் கிளிமூக்கு என்று கூப்பிடாத ஆள் ஊரில் கிடையாது. யாருக்குத்தான் ஆசை வராது? என்னைத் தனியாக அழைத்துப் போய், அப்பாவுக்கு அடையாளம் தெரியாமல் போய்விடுமோ என்று கேட்டாள். நான் எல்லோருக்கும் சொல்வதையே அவளுக்கும் சொன்னேன். அவள் முகம் தெளிந்துவிட்டது. "ரெண்டும் ஒரே மயக்கத்துல முடிஞ்சிட்டா நல்லதுதானே சிஸ்டர், இன்னொரு தடவை அப்பாவை விட்டுட்டு யாரு வந்து படுக்கிறது?"

சத்திரத்தில் ஒரு பஞ்சாயத்து

துறையூர்ப் பக்கத்துத் தம்பதி. கல்யாணமாகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. சின்ன வயதில் விழுந்து கோணிப்போன மூக்கை மனைவிக்குச் சரிபண்ணிக் கூட்டிக்கொண்டு போனார் கணவர். சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவளுக்கு இளநீர் வாங்கி ஸ்ட்ரா போட்டுக் கொடுத்திருக்கிறார். பேசினாலும் சிரித்தாலும் தையல் இழுக்கும், பேசவிடாதீர்கள் என்று நான்தான் சொல்லியனுப்பியிருந்தேன். அந்தப் பெண் ஏதோ சொல்ல வாயெடுக்க, அவர் விரலை நீட்டி, "ஒரு வார்த்தை பேசக் கூடாது" என்றிருக்கிறார்.

பக்கத்தில் பூ விற்கிற அம்மா இதைப் பார்த்துவிட்டது. கறுத்த கண், மூக்கில் கட்டு, விரல் நீட்டுகிற புருஷன். வேறென்ன வேண்டும்? கூடையை இறக்கி வைத்துவிட்டு அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டது. நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள். ஆபரேஷன் என்று அவர் எவ்வளவு சொல்லியும் யாரும் நம்பவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டியவளோ சிரிப்பை அடக்க முடியாமல், வலியும் தாங்காமல், கண்ணில் நீர் வழிய நின்றிருக்கிறாள். அந்த நீர் அவர் கேஸை இன்னும் கெடுத்துவிட்டது. கட்டுப் பிரிக்க வந்த அன்று பாவம், அவர் கேட்டார்: "சிஸ்டர், எனக்கும் ஒரு மாவுக்கட்டு போட்டு விட்டுடுங்க, ரெண்டு பேரும் வண்டியிலேருந்து விழுந்தோம்னு சொல்லிக்கிறோம்."

கண்ணாடி இல்லாத அறை

என் அறையில் கண்ணாடி கிடையாது. டாக்டர் உத்தரவு. மாவுக்கட்டைப் பிரிக்கிற அன்று மூக்கைப் பார்த்தால் பெற்ற தாய்க்கே பிடிக்காது. அப்படி இருக்கும். அதனால் இருக்கிற ஒரே கைக்கண்ணாடியையும் பஞ்சு வைக்கிற டிராயரில் ஒளித்து வைத்திருக்கிறேன். அதற்காக என்னோடு சண்டை போடாதவர்கள் இல்லை. கலைச்செல்வி மட்டும் கேட்கவே இல்லை. மூக்கை விரலால் அழுத்தி அழுத்தி, "வடிஞ்சிருக்கா, வடிஞ்சிருக்கா" என்றுதான் கேட்டாள். கையைத் தட்டிவிட்டேன்.

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. மாவுக்கட்டோடு வீட்டுக்குப் போனவளைப் பார்த்து அப்பா மிரண்டுபோயிருக்கிறார். கலை எங்கே என்று வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்திருக்கிறார். சமாளிக்கத் தெரியாத அண்ணி, கலை புத்தூர் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், வீக்கம் வடிந்ததும் வந்துவிடுவாள் என்று சொல்லி உட்காரவைத்திருக்கிறாள். என் வசனம்தான், கலை சொல்லிக் கேட்டிருப்பாள் போலிருக்கிறது. சொந்த வீட்டில் வேற்றாளாக நின்று இவள் சமைக்கிறாள், பரிமாறுகிறாள். அப்போதும் கொஞ்சம் பொறும்மா என்றுதான் சொன்னேன். அவள் சொன்னாள்: "நேத்து சோறு போட்டேன் சிஸ்டர், 'ஊரா வீட்டுப் பொண்ணு எனக்காக இவ்வளவு சிரமப்படுறீங்களே, நல்லா இருங்கம்மா'ன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு."

கொடிமரத்தண்டை

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு மாமா. ரிட்டயரான வாத்தியார். உள்தண்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வீக்கமும் வடிந்துகொண்டிருந்தது. தலையைக் குனியக்கூடாது, மூக்கைச் சிந்தக்கூடாது, படுத்தாலும் தலையணையை உயர்த்தி வைத்துப் படுக்க வேண்டும் என்று மாமியையும் வைத்துக்கொண்டு படித்துப் படித்துச் சொன்னேன். செருப்பைக்கூட மாமிதான் மாட்டிவிட வேண்டும் என்றேன். மாமி தலையாட்டிய வேகத்தைப் பார்த்து, இவர் தப்ப முடியாது என்று நிம்மதியாக இருந்தேன்.

ஒரு நாள் காலையில் வேட்டியெல்லாம் ரத்தமாக ஆட்டோவில் வந்து இறங்கினார். முகம் பழையபடி உப்பிவிட்டது. கோயிலுக்குப் போனவர் கொடிமரத்தண்டை நெடுஞ்சாண்கிடையாக விழுந்து சேவித்திருக்கிறார். நான் பஞ்சை அடைத்துக்கொண்டே திட்டினேன். வாத்தியாராச்சே என்றுகூடப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அமைதியாகச் சொன்னார்: "பெருமாளே படுத்துண்டு சேவை சாதிக்கறார், அவர் எதிர்ல நான் மட்டும் விறைச்சுண்டு நின்னா நன்னாவா இருக்கும்?"

வடிந்த பிறகு

மூக்கில் வீக்கம் ஒரே சீராக வடியாது. கண்ணைச் சுற்றி முதலில் போகும், கன்னம் அடுத்தது. நுனி மட்டும் மாதக் கணக்கில் அடம்பிடிக்கும். கலைச்செல்விக்கு அந்த நுனியும் வடிந்து, டாக்டர் திருப்தியாகப் போட்டோ எடுத்துக்கொண்ட அன்று, நானே டிராயரைத் திறந்து கண்ணாடியை நீட்டினேன். வரைந்து வைத்த மாதிரி மூக்கு. மூச்சும் தடையில்லாமல் போய்வருகிறது என்றாள், படுத்தால் தூக்கம் வருகிறது என்றாள். கண்ணாடியை ஒரு தரம் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்தாள். "அப்பாவைக் கூட்டிட்டு வந்திருக்கேன் சிஸ்டர். வெளியில உக்காந்திருக்காரு. நீங்களும் வாங்களேன்."

போனேன். போயிருக்க வேண்டாம். அவள் அவர் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, அவர் கையை எடுத்துத் தன் மூக்கின் மேல் வைத்தாள். பழக்கம் விரலில் அப்படியே இருந்தது. இரண்டு விரலும் மேலிருந்து மெதுவாக இறங்கின. நடுவில் நின்று தேடின. ஒன்றும் தட்டுப்படாமல் நுனிவரை வழுக்கிக்கொண்டு வந்துவிட்டன. இன்னொரு தடவை மேலே போய்த் தேடிப் பார்த்தார். பிறகு, அடுத்த வீட்டுப் பெண்ணைத் தெரியாமல் தொட்டுவிட்டவர்போலப் பதறிக் கையை இழுத்துக்கொண்டார். அப்புறம் அவரே எங்களுக்கு ஆறுதல் சொன்னார்: "மன்னிச்சுக்குங்கம்மா, கலையைப் பாக்கவா வந்தீங்க? அவ ஆஸ்பத்திரியில இருக்கா, வீக்கம் வடிஞ்சதும் வந்துடுவா, கொஞ்சம் பொறுங்க."

வீக்கம் வடிந்துவிடும் என்று இன்றைக்கும் எல்லோரிடமும் தைரியமாகச் சொல்கிறேன். பழைய மாதிரி ஆகிவிடும் என்பதை மட்டும் கண்ணாடியோடு சேர்த்து டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டேன்.