வால்வுக்காரருக்குக் கிடைத்த ஆதரவு

அந்த வட்டாரத்தில் வால்வுக்காரர் என்றால் ஒருவர்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பள நாளன்று அலுவலகத்தில் அதைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், அவரும் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பக்கத்தில் நிற்பவரைத் திரும்பிப் பார்ப்பார். மேல் தெருவும் கீழ் தெருவும் சந்திக்கிற முனையில் சாலைக்கு நடுவே இரண்டு இரும்பு மூடிகள், அடியில் தெருவுக்கு ஒரு தண்ணீர் வால்வு. குந்தி உட்கார்ந்து மூடியைத் தூக்கி, நெஞ்சளவு உயரமுள்ள சாவியை உள்ளே விட்டுத் திருக வேண்டும். விடிந்ததும் கீழ் தெருவுக்குத் தண்ணீர். பத்து மணிக்கு அதை அடைத்துவிட்டு மேல் தெருவுக்கு. இரண்டையும் சேர்த்துத் திறந்தால் இரண்டு தெருக் குழாய்களும் இருமுமே தவிர ஒரு சொட்டு வராது. கல்யாணத்துக்கு மறுநாள்கூட விடிவதற்கு முன்னால் எழுந்து போய்த் திருகியவர் அவர். மகள் பிறந்த செய்தியையும் மூடிக்குப் பக்கத்தில் குந்தியபடிதான் கேட்டார்.

குந்திக் குந்தியே முழங்கால் இரண்டும் போய்விட்டன. அந்த மாதக் கடைசியில் ஓய்வு. ஓய்வு பெற்று என்ன செய்யப்போகிறீர்கள் என்று யாராவது கேட்டால், "உக்காருவேன்" என்பார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நாற்காலியில், காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, விடிந்த பிறகும் எங்கேயும் போகாமல் உட்கார வேண்டும். வாழ்க்கையில் அவர் ஆசைப்பட்டது அவ்வளவுதான். அதற்கு மாதாமாதம் பென்ஷன் வர வேண்டும். இனிமேல் ஓய்வு பெறுகிறவர்களுக்குப் பென்ஷன் கிடையாது என்று அரசாங்கம் அந்த நேரம் பார்த்துத்தான் அறிவித்தது.

சங்கம் சும்மா இருக்குமா? வேலைநிறுத்தம் என்றது. சரியாகப் பத்து மணிக்கு யார் எந்த வேலையில் இருந்தாலும் கருவியைக் கீழே வைத்துவிட வேண்டும் என்று தலைவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வால்வுக்காரர் ஒழுங்கான மனிதர், அதுதான் வினையாகப் போயிற்று. பத்து மணிக்குக் கீழ் தெரு வால்வை அடைப்பதற்காக அவர் சாவியை உள்ளே விட்டிருந்தார். தொண்டர் ஒருவர் தூரத்திலிருந்தே கையை உயர்த்தினார். இவர் சாவியை உருவித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். கீழ் தெரு வால்வு திறந்தது திறந்தபடி இருந்தது. ஏரியிலிருந்து வருகிற தண்ணீருக்குச் சங்கம் கிடையாது. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

வால்வுக்காரர் குடியிருந்தது மேல் தெருவில்.

இரண்டே நாளில் ஊரின் கருத்து துல்லியமாகப் பிரிந்துவிட்டது. கீழ் தெருவில் பகலும் இரவும் தண்ணீர். குளித்தவர்கள் மறுபடி குளித்தார்கள், கழுவிய வண்டியை மறுபடி கழுவினார்கள். உழைத்துக் களைத்தவர்களுக்கு முதுமையில் பென்ஷன் கொடுக்காத அரசாங்கம் ஒரு அரசாங்கமா என்று ஈரத் தலையோடு வாசலில் நின்று கேட்டார்கள். மேல் தெருவிலோ பல் தேய்க்கவே திண்டாட்டம். இந்தச் சோம்பேறிகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேறு ஆளைப் போடு என்று அங்கே கொதித்தார்கள்.

தொலைக்காட்சியிலிருந்து மைக்கோடு ஒரு பெண் வந்து இரண்டு தெருவிலும் வீடு வீடாகக் கருத்துக் கேட்டுக்கொண்டு போனாள். அன்று மாலையே நிபுணர்கள் உட்கார்ந்து அலசினார்கள். கீழ் தெரு உழைப்பாளிகளின் தெரு என்றார் ஒருவர். மேல் தெருவில் படிப்பு அதிகம், அதனால்தான் எதிர்ப்பு என்றார் இன்னொருவர். தலைமுறை இடைவெளி என்று மூன்றாமவர் ஆரம்பித்தார். பூமிக்கு அடியில் ஒரு குழாய் இருக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

வேடிக்கையிலும் வேடிக்கை சம்பந்திதான். வால்வுக்காரரின் மகளைக் கட்டிக் கொடுத்திருப்பது கீழ் தெருவில். மாப்பிள்ளையின் அப்பா கருவூலத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மாதம் பிறந்தால் முதல் ஆளாகப் போய்ப் பென்ஷனை வாங்கிக்கொண்டு வந்து, பென்ஷனால்தான் நாடு குட்டிச்சுவராகப் போகிறது என்று வாய் கிழியப் பேசுவார். நீங்களே வாங்குகிறீர்களே என்றால், "அது வேறங்க" என்பார். எப்படி வேறு என்று கேட்கிற தைரியம் பெண்ணைக் கொடுத்தவருக்கு ஏது? இப்போது அவரே மைக்குக்கு முன்னால் நின்று, முதியவர்களைக் கைவிடுகிற சமுதாயம் உருப்படாது என்று கண் கலங்கினார். அவருக்குப் பின்னால் தோட்டத்துக் குழாய் திறந்துகிடந்தது.

வால்வுக்காரரின் மனைவி தினமும் இரண்டு வாளியோடு அந்தச் சம்பந்தி வீட்டு வாசலில் போய் நின்றாள். பெண்ணைக் கொடுத்த வீட்டில் தண்ணீருக்குக் கை நீட்டி நிற்பது என்ன கொடுமை என்பது நின்றவர்களுக்குத்தான் தெரியும். மேல் தெருவில் ஒருத்தரும் அவளோடு பேசவில்லை. எதிர்வீட்டுக்காரி இவளைக் கண்டதும் காலி வாளியை வேண்டுமென்றே டங்கென்று வைத்தாள். அந்தச் சாவி படுக்கையறைச் சுவரில்தான் சாய்ந்திருந்தது. படுக்கும்போதெல்லாம் அவள் கண்ணில் அதுதான் பட்டது.

"ஏங்க, ஒரு அரைச் சுத்து. யாருக்குத் தெரியப்போகுது?"

"தண்ணி வந்தா தெரியாதா?"

"அப்ப கால் சுத்து."

அவர் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவருக்கும் ஆசைதான். ஆனால் ஆசைப்பட்டாலும் முடியாது. வேலைநிறுத்தக்காரர்கள் வால்வைச் சேதப்படுத்திவிடக் கூடாதே என்று அரசாங்கம் அன்று சாயங்காலம்தான் இரண்டு போலீஸ்காரர்களை அனுப்ப, அவர்கள் ஆளுக்கொரு மூடியின் மேல் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். திறந்ததை அடைக்கவும் விடவில்லை, அடைத்ததைத் திறக்கவும் விடவில்லை. வால்வுக்காரர் அந்தப் பக்கமாகப் போகும்போது அந்த நாற்காலிகளைத்தான் பார்த்தார். இந்த வயதில் இப்படி உட்கார்ந்திருக்கிறார்களே, கொடுத்துவைத்தவர்கள் என்று வயிறு எரிந்தது.

பிறகு ஒரு நாள் கீழ் தெருக் குழாய் பொறுக்க மாட்டாமல் வெடித்தது. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். சம்பந்தி வீட்டுக் கூடத்தில் செருப்புகள் மிதந்தன. மைக் பெண் மறுபடி ஓடி வந்தாள். சம்பந்தி கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, இந்தப் பென்ஷன் பேராசை பிடித்தவர்களால் நாடே மூழ்குகிறது என்றார். மக்கள் மனத்தில் பெரிய மாற்றம் என்று நிபுணர்கள் மறுபடி கூடினார்கள்.

இப்போது இரண்டு தெருவும் ஒன்றாகிவிட்டன. பள்ளிக்கூடக் கூடத்தில் பொதுக்கூட்டம் போட்டு, வால்வுக்காரரையும் வரச் சொன்னார்கள். சங்கத் தலைவருக்கு ஒரே குஷி. போய் மக்கள் மனத்தை மாற்றிவிட்டு வாருங்கள் என்று தோளில் தட்டி அனுப்பினார். மேடை என்பதையே கிட்டத்தில் பார்த்திராத மனிதர், மைக்கைச் சாவியைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷம் தான் செய்த வேலை என்ன, எத்தனை மணிக்கு எழுந்தோம், முழங்கால் என்ன ஆயிற்று என்று ஒளிக்காமல் சொன்னார்.

"இந்த மாசக் கடைசியோட நான் ரிட்டயர்மென்ட். எனக்கப்புறம் இந்த இடத்துக்கு ஆள் போடலைன்னு சொல்லிட்டாங்க. பென்ஷன் இல்லைன்னா நான் எப்படிங்க இருப்பேன்?"

பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். வென்றுவிட்டோம் என்று அவர் நினைத்தார். பாவம், கூட்டம் முதல் இரண்டு வாக்கியத்தோடு நின்றுபோயிருந்தது. மாதக் கடைசியில் இவர் இல்லை, வேறு ஆளும் இல்லை என்றால் வால்வை யார் திருகுவார்கள்? அந்தப் பயம் வரிசை வரிசையாகப் பரவியது. கணக்கு வழக்கில் ஊறிய மூளை சம்பந்திக்கு. அவர் எழுந்தார்.

"ஒரு யோசனை சொல்றேன். சம்பந்தி ரிட்டயர் ஆனாத்தானே பென்ஷன் பிரச்சினை? ரிட்டயரே ஆகக் கூடாதுன்னு தீர்மானம் போடுவோம்."

கைதட்டலில் ஜன்னல் அதிர்ந்தது. மேல் தெருவும் கீழ் தெருவும் கட்டிப்பிடித்துக்கொண்டன. வால்வுக்காரர் வாழ்க, உயிர் உள்ளவரை வால்வுக்காரர் என்று கோஷம் போட்டார்கள். ஐயா, நான் சொன்னது அதில்லை என்று அவர் ஆரம்பித்தது காற்றோடு போயிற்று. உள்ளதைச் சொன்னால், அவர் இரண்டாம் தடவை ஆரம்பிக்கவும் இல்லை. ஒருத்தர்கூட அவருக்காக அதுவரை கை தட்டியதில்லை. முகமெல்லாம் பல்லாகக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். அங்கேதான் எனக்கு அந்த ஆளின் மேல் கோபம் வருகிறது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அவர் மனைவிக்கும் வந்தது. அவள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

பென்ஷன் கேட்டால் யோசிக்க அவகாசம் கேட்கிற அரசாங்கம், இதற்கு உடனே தலையாட்டியது. உடம்பில் தெம்பு உள்ளவரை எந்த ஊழியரும் ஓய்வு பெற வேண்டியதில்லை, ஆகவே பென்ஷன் என்ற பேச்சே எழாது என்று உத்தரவு வந்தது. இனி நம் வேலையை எவனாலும் பறிக்க முடியாது, மகத்தான வெற்றி என்று தலைவர் அறிவித்து வேலைநிறுத்தத்தை முடித்தார். மக்கள் ஆதரவு நூற்றுக்கு நூறு என்றது தொலைக்காட்சி.

மறுநாள் காலை முனையில் திருவிழாக் கூட்டம். போலீஸ்காரர்கள் நாற்காலியை மடக்கி எடுத்துக்கொண்டு வழிவிட்டார்கள். இரண்டு தெருக்காரர்களும் சேர்ந்து வாங்கிய பரிசைச் சம்பந்தி அவர் கையில் கொடுத்தார். பிரித்தால், முழங்காலுக்குப் போடுகிற பட்டை, ஒரு ஜோடி. நல்ல உசத்தியான ரகம், பல வருஷம் உழைக்கும் என்றார். வால்வுக்காரர் எல்லார் முன்னாலும் அதை மாட்டிக்கொண்டு குந்தி உட்கார்ந்து மூடியைத் தூக்கினார். சாவியை விட்டுக் கீழ் தெருவை அடைத்தார். அடுத்த மூடிக்கு நகர்ந்து மேல் தெருவைத் திறந்தார். மேல் தெருவில் வீட்டுக்கு வீடு சந்தோஷக் கூச்சல்.

மூடியைத் திரும்பப் பொருத்தக் குந்தினவரால் எழுந்திருக்க முடியவில்லை. முழங்கால் இரண்டும் பூட்டிக்கொண்டன. கையை ஊன்றிப் பார்த்தார், தலை இன்னும் தாழ்ந்ததுதான் மிச்சம். மக்களை விழுந்து வணங்குகிறார், என்ன பணிவு என்று கூட்டம் உருகிப்போய்க் கை தட்டியது. சம்பந்தியும் பதிலுக்குக் குனிந்து கும்பிட்டார். மைக் பெண், கேமராவை இன்னும் கிட்டத்தில் கொண்டுவரச் சொன்னாள். வலியில் அவருக்குக் கண்ணீர் வந்தது. அதைப் பார்த்து மற்றவர்களும் அழுதார்கள்.

அவர் மனைவி ஒருத்திதான் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவர் அக்குளில் கையைக் கொடுத்து, காதோடு காதாகச் சொன்னாள்.

"பல்லைக் கடிச்சுக்கிட்டு எழுந்திருங்க. இப்படியே இருந்தீங்கன்னா, ராத்திரியும் இங்கயே இருக்கட்டும், சோத்தை இங்க கொண்டுவந்து குடுத்துடலாம்னு அடுத்த தீர்மானத்தைப் போட்டுடுவாங்க."